ஆறு வோல்ட் காரில் திணறும் ஸ்டார்ட்டர்

கேள்வி: என் தகப்பனார் விட்டுச்சென்ற 1962ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில், புது பேட்டரி போட்ட பிறகும் ஸ்டார்ட்டர் மெதுவாகவே சுற்றுகிறது, சில நேரம் முனகி நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டரையே மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் கார் 6 வோல்ட்டில் இயங்குவது. 12 வோல்ட் கார் எடுக்கும் அதே சக்திக்கு இது இரு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், மற்ற கார்களில் தெரியாமலே போகும், இணைப்புகளில் படிந்த சிறிது துருகூட இங்கே ஸ்டார்ட்டரைத் திணறடித்துவிடும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சின் கிளம்பாதபடி காயிலின் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) நடு வயரைக் கழற்றிவிடுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), மறு முனையை ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் போல்ட்டிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி கேபிளோ அதன் இணைப்போதான். 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளை யாரோ போட்டிருப்பதும் உண்டு. நெகட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையிலும் அவ்வாறே அளந்து பாருங்கள். மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், கியர்பாக்ஸை அடிச்சட்டத்தோடு இணைக்கும் பின்னல் பட்டை நம் கடற்காற்றில் பச்சை பூத்து இற்றுப்போவதுண்டு.

இவை சரியாக இருந்தும் முனகினால், ஸ்டார்ட்டர் தண்டின் முனையைத் தாங்கும் புஷ் (உலோக வளையம்) தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசக்கூடும். அந்தச் சிறு புஷ் கியர்பாக்ஸ் கூட்டில் பதிந்திருப்பது. புது ஸ்டார்ட்டரை மாட்டினாலும் பழைய புஷ் அங்கேயேதான் இருக்கும்.