மறுபடி ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்): வாசகர் கேள்விகள்

முன்பு 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுவேன். மூன்று வருட இடைவெளி விழுந்துவிட்டது. இப்போது எந்த வேகத்தில் தொடங்கலாம்? (மடிப்பாக்கம், வயது 41)

அந்த 50 நிமிடத்தை மறந்துவிடுங்கள். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து 25 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அவ்வளவுதான். மூச்சு ஒன்றரை மாதத்தில் ஓரளவு திரும்பிவிடும். குதிகால் தசைநாரும் கணுக்கால் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. "மூச்சே வாங்கல சார், அதான் வேகத்தைக் கூட்டினேன்" என்று சொல்லிக்கொண்டுதான் பலர் கெண்டைக்காலைப் பிடித்தபடி வருகிறார்கள். வாட்சில் இருக்கும் பழைய ஹார்ட் ரேட் ஸோன்களை (இதயத் துடிப்பு வரம்புகளை) அழித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் முதலில் டாக்டரைப் பார்த்து ஈசிஜி, ட்ரெட்மில் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள்.

எனக்கு ஒரு ப்ளான் அனுப்புங்கள். (ஊர் எழுதவில்லை)

வயது என்ன, வேலை நேரம் என்ன, எந்தத் தூரம், நீச்சல் தெரியுமா, ஒன்றுமே எழுதவில்லை. இதை வைத்து நான் எதை அனுப்புவது? முழுசாக எழுதுங்கள், பார்க்கிறேன்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒலிம்பிக் தூரம் முடிக்க முடியுமா? (கோவை)

தாராளமாக. 1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். நீச்சலும் ஓட்டமும் தலா இரண்டு தடவை, முக்கால் முக்கால் மணி. சைக்கிள் வாரநாளில் வீட்டுக்குள் ட்ரெயினர் ஸ்டாண்டில் மாட்டி ஒரு மணி, ஞாயிறு ரோட்டில் இரண்டு மணி. சில ஞாயிறுகளில் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஷூ மாற்றிப் பத்து நிமிடம் ஓடுங்கள். கால் கட்டை மாதிரி இருக்கும், அது பழக வேண்டும். விட்டுப்போன நாளை மறுநாளோடு சேர்த்துச் செய்யாதீர்கள். போனது போனதுதான்.

கிளையன்ட் கால் முடிய இரவு 11.30 ஆகிறது. 3.45க்கு எழுந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) 60 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். கோவா 70.3 (அரை அயர்ன்மேன்) ட்ரையத்லானுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகிறது. பயிற்சியை எவ்வளவு கூட்டலாம்? (சோழிங்கநல்லூர்)

கூட்டவே கூடாது. தூங்குங்கள். இதே கடிதம் மாதா மாதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது, நானும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி உடம்பைத் தேய்க்கிறது. தேய்ந்ததைத் திரும்பக் கட்டுவது தூக்கம்தான். நாலு மணி நேரத் தூக்கத்தில் எதுவும் கட்டாது. 1.9 கி.மீ. நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம், அதுவும் கோவா புழுக்கத்தில். அங்கே போய் நிற்கும்போது நீங்கள் தேய்ந்த ஆளாகத்தான் நிற்பீர்கள்.

வேகம் போகட்டும். என் கவலை ரோடு. சில வருடங்களுக்கு முன்பு உத்தண்டி டோல் தாண்டி இருட்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன நண்பரின் சிவப்பு விளக்கு மெதுவாக நடு ரோட்டுப் பக்கம் நகர்ந்தது. பள்ளத்துக்கு ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். விளக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிய முகத்தில் விழிப்பே இல்லை. கை ஹேண்டிலில் இருந்தது, ஆள் தூங்கிவிட்டார். அவர் இடதுபக்கம் வந்து சேர்ந்த கையோடு ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. அன்றைக்கு அவர் தூங்கியிருந்தது மூன்றரை மணி நேரம்.

ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் சைக்கிள் ரோட்டுக்கு வரக்கூடாது. இரவு கிளையன்ட் கால் இருக்கும் நாட்களின் மறுநாள் காலைப் பயிற்சியை வெட்டிவிடுங்கள். மதியம் அரைமணி ஓட்டமோ, சாயங்காலம் நீச்சலோ போதும். எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பாருங்கள், நிமிடத்துக்கு வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு. இதற்குள் அடங்கவில்லை என்றால் இந்த வருடம் 70.3 வேண்டாம். கட்டின பணம் போனால் போகட்டும்.

குழந்தைக்கு எட்டு மாதம். ஓடும்போது சிறுநீர் கசிகிறது. போகப் போகச் சரியாகுமா? (மதுரை)

ஓடி ஓடிச் சரியாகாது. "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று சொல்பவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது பெரும்பாலும் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையின் பலவீனம். அதற்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். கசிவு நிற்கும்வரை நீச்சலும் நடையும் போதும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) இரண்டையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், ராத்திரி குழந்தை விழித்தால் காலையில் நீங்கள் தூங்குங்கள். பயிற்சி காத்திருக்கும்.

பெசன்ட் நகர் கடலில் தனியாக நீந்திப் பழகலாமா?

கூடாது. உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் கொண்டுபோய்விடும்.

சைக்கிள் மூன்று வருடமாக பால்கனியில் நிற்கிறது. காற்று அடித்தால் போதுமா? (திருவான்மியூர்)

போதாது. டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் மாற்றுங்கள். கடல் காற்றில் செயினும் கேபிளும் துருவேறியிருக்கும். பிரேக் ரப்பர் கல் மாதிரி இறுகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் விளக்கு மாட்டி, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்த பிறகு ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.