விகன் மில் வாசலில் மத்தியானச் சாப்பாடு: கேள்வி பதில்

ஏர் குரோ 1874-ல் வரைந்த ‘தி டின்னர் அவர், விகன்’ ஓவியம் இப்போது மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் இடைவேளையில் வெளியே வந்திருக்கும் காட்சி. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு. படத்தில் நல்ல பகலாக இருக்கிறதே?

லங்காஷயர் தொழிலாளர் பேச்சில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடுதான். சங்கு ஊதி விட்டதும் தூக்குப்போசியோடு வெளியே வந்துவிட்டார்கள்.

தலையில் ஏன் வலை? சிலர் வெறுங்காலில் நிற்பது வறுமையா?

எந்திரங்களை ஓட்டிய பெல்ட்டில் முடி சிக்கினால் தலைத்தோலே உரிந்து வந்துவிடும், அதற்காகத்தான் வலை. காலில் போட்டிருப்பது மரக்கட்டை அடிவைத்த செருப்பு, கீழே இரும்புப் பட்டை அடித்தது. தெருவுக்கு அது உழைக்கும், ஆனால் எண்ணெய் ஊறிய நூற்பறைத் தரையில் வழுக்கும். அதனால் உள்ளே பலர் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். வெறுங்காலைப் பார்த்ததும் வறுமை என்று முடிவு கட்ட வேண்டாம்.

உண்மையான இடமா, கற்பனையா?

உண்மையான இடம். பின்னால் தெரிவது தாமஸ் டெய்லரின் விக்டோரியா மில். ஊரின் வால்கேட் பக்கம், லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க்கு அருகில். விகன் நிலக்கரி ஊர். மில்லை ஓட்டிய நீராவிக்கு வேண்டிய கரி காலடியிலேயே கிடைத்தது.

எல்லோரும் இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்களே, நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. பஞ்சாலையிலிருந்து வருகிறவர் தலையிலும் சேலையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குரோ அந்தப் பஞ்சைத் துடைத்துவிட்டார். வேலை நேரமும் லேசானதல்ல. வாரத்துக்கு 56½ மணி நேரம் என்று வரம்பு கட்டிய சட்டமே அந்த 1874-ல்தான் வந்தது. ஆனால் பெண்கள் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்து, பேசிக்கொண்டு இருக்கும் விதம் பொய்யில்லை. தறிக்கூடச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகியவர்கள் அந்த ஊர் நெசவுப் பெண்கள். வெளியே வந்து குரலெடுத்துப் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள்.

அப்போது வரவேற்பு இருந்ததா?

லண்டன் ராயல் அகாதமி கண்காட்சியில் வைத்தார்கள். அழகில்லாத விஷயத்தில் நேரத்தை வீணாக்கிவிட்டார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

லண்டன்காரர் விகனுக்கு ஏன் வந்தார்?

அரசின் ஓவியப் பள்ளிகளைப் பார்வையிடும் வேலை அவருக்கு இருந்தது. ஊர் ஊராகப் போனவர். ஆனால் என் மனதில் ஓடுவது வேறு. 1853-ல் எழுத்தாளர் தாக்கரேயின் செயலாளராக அமெரிக்கா போனபோது, ரிச்மண்டில் அடிமை ஏலத்தைப் பார்த்து அங்கேயே கோட்டோவியம் போட்டார். ஏலக்காரர்கள் மிரட்டி வெளியேற வைத்தார்கள். அதை 1861-ல் ஓவியமாக்கினார். அந்த ஆண்டே அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமைகள் பறித்த பஞ்சு வருவது நின்று, லங்காஷயர் மில்கள் மூடின. சூரத் பஞ்சை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். இழை குட்டை, நூல் அறுந்துகொண்டே இருந்தது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ரிச்மண்டில் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, யார் வாங்குவார்களோ என்று காத்திருக்கிறார்கள். விகனில் குட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த சங்குக்காகக் காத்திருக்கிறார்கள்.