பி.காம். சி.ஏ.வில் உள்ள சி.ஏ.

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அக்கவுண்ட்ஸ் குரூப், 600க்கு 512. அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். சி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது, பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். சித்தப்பா, அதைப் படித்தால் ஆடிட்டர் ஆகலாம் என்கிறார். மாமா, பி.சி.ஏ.தான் ஐ.டி. வேலைக்கு வழி என்கிறார். ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் தொலைநிலையில் பி.பி.ஏ. பட்டமும் எட்டு சர்டிபிகேட்டும் சேர்த்து 1,80,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். எதில் சேர்ப்பது?

— ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

முதலில் வளையல். அதை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் பட்டப்படிப்பு முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ சேர்ந்தேன். அப்பா சொசைட்டியில் கடன் வாங்கித்தான் பணம் கட்டினார். முடித்து, வழவழப்பான சான்றிதழோடு ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “பரீட்சை யார் வைத்தது?” என்று மட்டும் கேட்டார். சென்டர்தான் என்றேன். தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கட்டு வவுச்சரை எடுத்துக் கொடுத்து, தேதி வாரியாக எழுதச் சொன்னார். வேலை கிடைத்தது, ஆனால் அந்தத் தாளால் அல்ல. அப்பா அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது.

அன்றிலிருந்து எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். அந்த எட்டு சர்டிபிகேட்டுக்கும் பரீட்சை வைப்பது யார் என்று மையத்தில் கேளுங்கள். நாங்களே என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிஸ்கோ, அமேசான் என்று பெரிய பெயர்களைச் சொன்னாலும் ஒரு விஷயம் உண்டு. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏ., அமேசானின் கிளவுட் சான்றிதழான கிளவுட் பிராக்டிஷனர் இரண்டுக்குமே ஆயுள் மூன்று வருடம். முதல் வருடத்தில் எழுதி வாங்கினால், டிகிரி முடித்து வேலை தேடும் நேரத்தில் காலாவதியாகிவிடும். அவை கடைசி வருடத்தில், அந்த வேலைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தபின் எழுத வேண்டியவை.

சித்தப்பாவின் குழப்பம் நம் ஊரில் பலருக்கும் இருக்கிறது. பி.காம். சி.ஏ.வில் உள்ள சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆக வேண்டுமென்றால் அது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்ற வேறு சி.ஏ. அதற்கு, அந்தத் தொழிலுக்கான அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் மூன்று தேர்வுகளையும் தாண்டி, ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற தொழிற்பயிற்சியும் செய்ய வேண்டும். முன்பு மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப்பைப் புதிய பாடத்திட்டத்தில் இரண்டு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். ஆக, சித்தப்பாவின் ஆசைக்கும் இந்தக் கல்லூரி இடம் தடையில்லை.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புரோகிராமிங்தான் வேலை என்றால் பி.சி.ஏ.வும், அதன்மேல் இரண்டு வருட எம்.சி.ஏ.வும் நேரான பாதை. பி.காம். படித்துவிட்டு எம்.சி.ஏ. போக, பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் கேட்கலாம். கல்லூரியின் பாடத்திட்டத்தில் கணிதத் தாள் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் வேலை என்றாலே புரோகிராம் எழுதுவது என்று மாமா நினைக்கிறார். உங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் அறையை ஒரு மாதம் கவனியுங்கள். 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்ற பட்டியல் வரும். நூல்காரர், டையிங்காரர், பிரின்டிங்காரர் எல்லாரும் காட்டிய பில்கள் அதில் இருக்கும். அதை நம் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பில்லுக்குப் போன் போட்டு, 20ஆம் தேதிக்குள் மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்னான 3பி தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆறு நாளில் எக்செல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். கணக்கும் கணினியும் சேர்ந்து தெரிந்த ஆளைத்தான் முதலாளிகள் தேடுகிறார்கள். டேலிக்குக்கூட யாரும் சர்டிபிகேட் பார்ப்பதில்லை. உட்கார வைத்து என்ட்ரி போடச் சொல்வார்கள். அதனால் பி.காம். சி.ஏ.வை இரண்டாம்தரமாக நினைக்காதீர்கள். வங்கித் தேர்வுக்கும் குரூப் 2வுக்கும் அந்தப் பட்டம் போதும்.

கூடவே ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது டைப்ரைட்டிங் லோயர், ஹையர். அப்புறம் சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினிப் பரீட்சை. இரண்டையும் நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. குரூப் 4 டைப்பிஸ்ட் பணிக்கு இவற்றைக் கேட்கிறார்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சித்தப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், அம்மா இருக்கிறார். தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

பத்து நாள் இருக்கிறது. என்.பி.டி.இ.எல்.லில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடத்தின் முதல் வார வகுப்புகளை அவள் போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சில நாள் தெருவில் ஒரு கடையின் ஒரு மாத பில்களை எக்செல்லில் ஏற்றிப் பார்க்கட்டும். எதைச் செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் இருந்தாள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அது பைத்தான் என்றால் பக்கத்துக் கல்லூரிகளில் பி.சி.ஏ. இடம் இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். இல்லையென்றால் பத்தாம் நாள் வரை காத்திருக்காமல் பி.காம். சி.ஏ.வுக்குப் பணம் கட்டிவிடுங்கள். முதல் செமஸ்டர் முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்