கணுக்காலில் கறுத்த தோல்: இந்த வாரமே லேசரா?

கேள்வி: எனக்கு வயது 52. 25 ஆண்டுகளாக ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரிக்கிறது. உடனே லேசர் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று இலவச முகாமில் சொன்னார்கள். இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்களுக்கு இருப்பது வெரிகோஸ், அதாவது ரத்தக் குழாய் சுருண்டு புடைப்பது. அதற்காக யாரும் காலை எடுப்பதில்லை. கால் பறிபோவது பெரும்பாலும் சர்க்கரை நோயாலும் தமனி அடைப்பாலும்தான். முகாமில் ஆள் பிடிப்பவருக்குக் கமிஷன் உண்டு; அவர் விற்பது உங்கள் பயத்தை.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. புடைத்திருப்பது நரம்பல்ல, சிரை. ரத்தத்தை மேலே ஏற்றும் அந்தக் குழாயின் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழே வந்து தேங்குகிறது. தோல் கறுத்துவிட்டால் அடுத்து ஆறாத புண் வரலாம். உங்களுக்குச் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது. சில ஆண்டுகள் இல்லை.

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. காலை அளந்து வாங்கி, காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மாட்டுங்கள். கசிகிற குழாயை மூட லேசரோ ரேடியோ அலையோ போதும்: ஊசித் துளை, மரத்துப்போக மருந்து, அன்றே நடந்து வீடு திரும்பலாம். மிச்சமிருக்கும் சுருள்களுக்கு, அவற்றை மூடவைக்கும் நுரை மருந்து ஊசி. பசை போட்டு ஒட்டும் முறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள்; பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை.

எதற்கும் முன்னால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும், அதுவும் உங்களை நிற்கவைத்து எடுத்தது. படுக்கவைத்து இரண்டு நிமிடத்தில் முடித்தால் அது ஸ்கேன் அல்ல, சடங்கு. உங்களுக்கு எப்போதாவது கால் முழுவதும் திடீரென்று வீங்கி, ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தது உண்டா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆழத்தில் உள்ள பெருவழி அடைபட்டிருந்தால் மேலே புடைத்திருக்கும் சிரைதான் ரத்தத்துக்கு மாற்றுப்பாதை. அதையும் மூடினால் வீக்கம் கூடும். முகாமில் இதை உங்களிடம் கேட்டார்களா?

காப்பீடு இருந்தால் பத்திரத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் இந்நோய்க்கு 2 ஆண்டுக் காத்திருப்பு உண்டு. அது கடந்தும் ‘அழகுக்கான சிகிச்சை’ என்று தட்டிக்கழிப்பார்கள். 25 ஆண்டு அடுப்படியில் நின்றவர் அழகுக்காகவா வருகிறார்? தோல் கறுத்திருப்பதை மருத்துவரின் குறிப்பில் எழுதி வாங்குங்கள். சென்னைக்கு வர முடிந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் அங்கே யாரும் தள்ளுபடி பேச மாட்டார்கள்.