பத்து வட்டிக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

கேள்வி: அண்ணா, எங்கள் தெருவில் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி வாங்குகிறார்கள். மகளின் பாடத்தில் 'யூஷூரியஸ்' என்று ஒரு சொல் வந்தது. 'ஹை இன்ட்ரஸ்ட்' என்றாலே போதாதா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: போதாதும்மா. 'ஹை' அளவை மட்டும் சொல்கிறது, யூஷூரியஸ் என்றால் அநியாயம் என்ற தீர்ப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது, நம் கந்துவட்டி மாதிரி. லத்தீன் 'உசூரா'விலிருந்து வந்த சொல். இதன் மூலச்சொல் முன்பு எந்த வட்டியையும் குறித்தது, பிறகுதான் கொள்ளை வட்டிக்கென்று சுருங்கியது. ரேட், லோன், லெண்டர் மூன்றுக்கும் முன்னால் போடலாம். கடன் வாங்கியவருக்குப் போடக் கூடாது, பாவம், அவர் என்ன செய்தார்? உங்கள் தெருக் கணக்கையே பாருங்கள்: வட்டிக்கு வட்டி போடாமலே வருஷத்துக்கு 120 சதவீதம், பத்தே மாதத்தில் அசல் அளவுக்கு வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். அதை 'யூஷூரியஸ் ரேட்' என்று மகள் தயங்காமல் எழுதட்டும். அப்புறம், 1918-லேயே 'யூஷூரியஸ் லோன்ஸ் ஆக்ட்' என்று சட்டம் வந்தது. வட்டி மிதமிஞ்சியது, பேரமும் நியாயமில்லை என்று கண்டால் கோர்ட் அந்தக் கணக்கைத் திரும்பப் பிரித்து, மிகையான வட்டியைத் தள்ளிவிடலாம்.