கண்டம் கடக்கும் ஓட்டமும் குளிரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கண்டங்களைக் குறுக்கே கடக்கும் ஓட்டப்பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சில வருடங்களாக மராத்தான் ஓடுகிறேன். ஒரு 100 கிலோமீட்டர் பந்தயத்தையும் முடித்திருக்கிறேன். பல வாரம் நீளும் ஓட்டம் ஒன்றில், அதுவும் குளிர் விலகாத மாதங்களில், இறங்க ஆசை. அதற்காக இப்போதே ஐஸ் தண்ணீரில் குளிக்கிறேன். விடியற்காலையில் மெல்லிய பனியனோடு ஓடுகிறேன். இந்த மாதிரி ஓட்டத்தில் முக்கால் பங்கு மனவுறுதிதான் என்பது என் எண்ணம். சரிதானா? வேறு என்ன பழக வேண்டும்?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

ஆசையை விடாதீர்கள். பனியனை விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் முடிகிற பந்தயத்தில் மனதை வைத்து உடம்பை இழுத்துப்போய்விடலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓட வேண்டும் என்றால் அது நடக்காது. 2009-ல் இத்தாலியின் பாரி நகரில் கிளம்பி நார்வேயின் நார்ட்காப் முனையில் முடிந்த ஐரோப்பிய ஓட்டம் 4,487 கிலோமீட்டர். 64 நாட்கள், ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது, நாளுக்குச் சராசரியாக 70 கிலோமீட்டர். எம்.ஆர்.ஐ. கருவியை லாரியில் ஏற்றிக்கொண்டு மருத்துவர்கள் கூடவே போனார்கள். 44 ஓட்டக்காரர்கள் அந்த ஆய்வுக்கு உட்பட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி சுமார் 6 சதவீதம் சுருங்கியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. என்னை இதைவிட அதிகமாக அசைத்த தகவல் இன்னொன்று: கணுக்காலின் குருத்தெலும்பு முதலில் நலிந்து, பிறகு ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தேறத் தொடங்கியது. உடம்பு ஓடிக்கொண்டே தன்னைப் பழுதுபார்க்கிறது! அந்த வேலைக்கு அது கேட்பது உணவு, தூக்கம், கதகதப்பு. குளிர் கைவைப்பது இந்த மூன்றிலும்தான்.

உணவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பல மாதம் ஓடியவர்களை ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வெளியானது. மாதக்கணக்கில் நீளும் உழைப்பில், சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் யாராலும் தொடர்ந்து செலவழிக்க முடிவதில்லை என்று அது சொன்னது. குடல் உறிஞ்சித்தரும் அளவுக்கு ஓர் உச்சம் இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதற்குமேல் போனால் சொந்தச் சதையைக் கரைக்க வேண்டும். ஓடும்போது குளிர் பெரிய செலவு வைக்காது, தசைகள் எரிப்பதில் முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியே வருகிறது. செலவு, ஓட்டம் நின்றபிறகு. ஈர உடையோடு அரைமணி நேரம் நடுங்கினால் அதற்கான எரிபொருள் நாளைய காலுக்கு வைத்திருந்த சேமிப்பிலிருந்து போகும். குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது, சிறுநீர் மட்டும் கூடுதலாகப் போகும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நேரம் வைத்துக் குடிக்க வேண்டும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பலரும் பயப்படுவது உறைபனியை. நான் அதிகம் பயப்படுவது பூஜ்யத்துக்குச் சற்று மேலே, மழையும் காற்றுமாக இருக்கும் நாளை. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி. தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். களைத்து வேகம் பாதியானால் உடம்பு உண்டாக்கும் சூடும் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலையில் போதுமானதாக இருந்த அதே சட்டை மாலையில் போதாமல் போவது இதனால்தான்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப்பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். ஆலங்கட்டி, உறையவைக்கும் மழை, பலத்த காற்று. ஓடிய 172 பேரில் 21 பேர் உடல் குளிர்ந்து இறந்தார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பொருட்களில் இல்லை, அரைக்கால் சட்டையோடு ஏறியவர்கள் பலர். இறந்தவர்களில் லியாங் ஜிங் ஒருவர். சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர் அவர். அவருக்கு இல்லாத மனவுறுதியா? அன்று ஆறு பேரைக் காப்பாற்றியது, குகையில் நெருப்பு மூட்டி வைத்திருந்த ஓர் ஆட்டிடையர். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

உங்கள் ஐஸ் குளியலைப் பற்றி: குளிருக்குப் பழகியவருக்கு நடுக்கம் தாமதமாகவும் குறைவாகவும் வரும். குளிர் உறைக்காது, ஆனால் உள்ளே சூடு இறங்கிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மணியைக் கழற்றிவைப்பதை நான் பயிற்சி என்று சொல்லமாட்டேன்.

அதற்குப் பதிலாக மந்தமான வேலைகளைப் பழகுங்கள். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுவது, காற்று திரும்பியதும் நிற்காமல் மாட்டிக்கொள்வது, கையுறையோடு பொட்டலம் பிரித்துத் தின்பது. அன்றைய தூரம் முடிந்ததும் முதலில் ஈரத்தை மாற்றி, பிறகு சாப்பிட்டு, கால்களைப் பார்த்து, அதன்பிறகுதான் மற்றவர்களோடு பேச உட்காருவது. 1928-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு 199 பேர் கிளம்பினார்கள், போய்ச் சேர்ந்தது 55 பேர். ஆரம்பத்தில் முந்தியிருந்த ஆர்தர் நியூட்டன் அந்தக் காலத்து நெடுந்தூர ஓட்ட மேதை. அவர் காயத்தால் விலகினார். 84 நாட்களுக்குப் பிறகு வென்றவர் ஆண்டி பெய்ன் என்ற இருபது வயது விவசாயி மகன். சேதமில்லாமல் மறுநாளைத் தொடங்கத் தெரிந்தவர் என்றுதான் அவரை நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. உடல் குளிரும்போது முதலில் மங்குவதில் ஒன்று, நமக்கு என்ன ஆகிறது என்று கணிக்கும் அறிவு. ஜிப்பை இழுக்க விரல் வராது, பேச்சு குழறும், கேட்டதற்கு வேறு ஏதோ பதில் சொல்வோம், நமக்கு மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். எனவே உங்களை நிறுத்தும் அதிகாரத்தைக் கூட வருபவர் ஒருவருக்குக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். அவர் 'போதும், வண்டியில் ஏறு' என்றால் வாதாடாமல் ஏற வேண்டும்.

பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், குளிர்ந்த மழை நாட்களாகப் பார்த்துத் தொடர்ச்சியாக நான்கைந்து நாள், அதன் ஒரு நாள் தூரத்தில் பாதியாவது, இதே ஒழுங்கில் ஓடிப்பாருங்கள். கடைசி நாள் காலையில் சாக்ஸ் காய்ந்திருந்ததா, பசி இருந்ததா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்பதைப் பிறகு பேசலாம்.