எல்லோரும் கடைசிவரை வரும் மேஜை

அன்புள்ள சார்,

சான் ஹோசேயில் ஐடி வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் இங்குள்ள கார்டு ரூமில் 4-8 லிமிட் போக்கர் (முதல் இரண்டு சுற்றில் 4 டாலர், பிறகு 8 டாலர் என்று பெட்டுக்கு அளவு உண்டு) ஆடுவேன். ஊரில் ரம்மியில் என்னை அசைக்க ஆள் கிடையாது, இங்கே நல்ல சீட்டு வந்தால்தான் அதிகம் தோற்கிறேன். போன வாரம் கையில் இரண்டு ஏஸ். ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்), ஐந்து பேர் கால் செய்தார்கள் (அதே பணத்தைப் போட்டு உள்ளே வந்தார்கள்). ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், குயின், 7, 2. கடைசிச் சீட்டாக 4 விழுந்ததும் ஒரு பெரியவர் 7-4 காட்டி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டார். 7-4 வைத்துக்கொண்டு யாராவது ரெய்ஸுக்குக் கால் செய்வார்களா? ரெய்ஸுக்கு மரியாதை இருக்கும் பெரிய மேஜைக்குப் போய்விடலாமா? ஊருக்கு லீவில் வரும்போது ஆன்லைனில் ஆடிப் பழகினால் உதவுமா? பெயர் வேண்டாம், என் மனைவி உங்கள் தளத்தைப் படிப்பவர்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெரிய மேஜைக்குப் போகாதீர்கள். 7-4-க்கு எட்டு டாலர் போடுகிற ஆள் உட்கார்ந்திருக்கும் மேஜையை விட்டு ஏன் எழுந்திருக்க வேண்டும்? மரியாதை தெரிந்தவர்கள் உங்கள் ரெய்ஸைப் பார்த்ததும் சீட்டை மடித்துவிடுவார்கள், உங்களுக்குக் கிடைப்பது ப்ளைண்ட் பணம், அதாவது சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம், மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஏதோ சீட்டோடு ஐந்து பேர் கடைசிவரை வந்தால் ஏஸ் ஜோடி ஜெயிப்பது நூற்றுக்கு 49 தடவை. அதாவது பாதிக்கு மேல் தோற்கத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆளுக்கு 8 டாலர் வீதம் ஆறு பேரின் 48 டாலரில் உங்கள் பணம் ஆறில் ஒரு பங்கு, உங்களுக்குத் திரும்புவது சராசரியாகக் கிட்டத்தட்ட பாதி. ஒரே ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிப்பீர்கள், மனசுக்கு இதமாக இருக்கும், பாட்டில், அதாவது நடுவே குவியும் பந்தயப் பணத்தில்தான், ஒன்றும் இருக்காது.

அப்புறம் அந்தப் பெரியவர். ஃப்ளாப்புக்குப் பிறகு அவர் ஆடியது சரி என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் 4 டாலர் பெட் வைத்து, இன்னும் இரண்டு பேர் கால் செய்து அவர் முறை வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் 60 டாலர் இருக்கிறது, அவர் போடவேண்டியது 4. ஒன்றுக்குப் பதினைந்து. அவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள் ஐந்து: இரண்டு ஏழு, மூன்று நாலு. அவர் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் ஐந்து, அதாவது ஒரு தடவை விழுந்தால் எட்டரைத் தடவை அளவில் விழாது. பதினைந்து கிடைக்கும் இடத்தில் எட்டரைக்குத் துணிவது முட்டாள்தனம் இல்லை. அவர் செய்த தப்பெல்லாம் அந்தச் சீட்டோடு உள்ளே வந்ததுதான், அங்கேதான் உங்கள் லாபமும் இருக்கிறது. பாட்டைப் பெரிதாக்கியதே உங்கள் ரெய்ஸ், அதன் பிறகு எல்லோரும் துரத்துவார்கள். பெட்டுக்கு அளவே இல்லாத நோ லிமிட்டாக இருந்தால் ஐம்பது டாலரைத் தள்ளி அவரை விரட்டியிருக்கலாம், லிமிட்டில் அதற்கு வழியே இல்லை.

ஒரு சின்ன வழி மட்டும் உண்டு. அதே 48 டாலர் பாட். உங்களுக்கு முன்னால் ஒருவர் 4 டாலர் பெட் வைக்கிறார், நீங்கள் உடனே 8 ஆக ரெய்ஸ் செய்கிறீர்கள். இப்போது உங்களுக்குப் பின்னால் இருக்கும் பெரியவர் 60 டாலருக்காக 8 போடவேண்டும், ஒன்றுக்கு ஏழரைதான் கிடைக்கிறது, எட்டரைக்கு அது போதாது. அவர் அப்போதும் கால் செய்யலாம், இந்தத் தடவை தப்பு அவருடையது. நீங்களே முதலில் பெட் வைப்பதை விட, வலப்பக்கத்து ஆள் பெட் வைத்து நீங்கள் ரெய்ஸ் செய்வதற்கு இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. எனவே வாய்ப்புக் கிடைத்தால் சும்மா பெட் வைக்கிற ஆள் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி நாற்காலி மாறிக்கொள்ளுங்கள், டீலரிடம் கேட்டால் சொல்வார்.

ரம்மிப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அங்கே சீட்டு இழுக்காமலே விலகும் முதல் டிராப்புக்கே 20 பாயிண்ட் போகிறது, அதனால் சுமாரான சீட்டையும் இழுத்துப் பார்க்கத் தோன்றும். இங்கே ப்ளைண்ட் தவிர்த்து டிராப்புக்குச் செலவே இல்லை, பத்தில் எட்டுக் கையைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அலுப்பாகத்தான் இருக்கும். எல்லோரும் வருகிறார்களே, நாமும் போவோம் என்று கிங்-ஜாக், குயின்-10 வேறு வேறு ஜாதியில் வைத்துக்கொண்டு போவதுதான் இந்த மேஜையில் பெரிய ஓட்டை. அவை பெரும்பாலும் ஒரு ஜோடிதான் சேர்க்கும், ஆறு பேர் நடுவே ஒரு ஜோடி நிற்காது. கூட்டத்தில் விலை ஏறுவது ஏஸும் அதே ஜாதியில் இன்னொரு சீட்டும், அப்புறம் சின்ன ஜோடிகள். கையில் இரண்டு ஐந்து இருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான், நாலைந்து பேர் மலிவாக உள்ளே வந்திருந்தால் போய்ப் பாருங்கள், விழாவிட்டால் மடித்துவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற இன்னொரு இடம். கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸும் ஆட்டின் ஆறும், ஃப்ளாப்பில் இரண்டு ஆட்டின். இன்னும் எதுவுமே சேரவில்லை, ஆனால் மிச்சம் இரண்டு சீட்டில் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) விழ நூற்றுக்கு 35 வாய்ப்பு. நாலு பேர் கால் செய்வார்கள் என்றால் மேலே போகும் ஒவ்வொரு டாலரிலும் நீங்கள் போடுவது 20 காசுதான், ஃப்ளஷ் விழும் வாய்ப்போ 35. தாராளமாக ரெய்ஸ் செய்யலாம். இது ப்ளஃப் அல்ல. ப்ளஃபை இந்த மேஜையில் மறந்தே போய்விடுங்கள், யாரும் மடிக்காத இடத்தில் யாரை ஏமாற்றுவது? அதே மாதிரி, ராத்திரி முழுக்கக் கால் மட்டுமே செய்த அமைதியான ஆள் டர்னிலோ ரிவரிலோ (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டில்) திடீரென்று ரெய்ஸ் செய்தால் அவரிடம் சரக்கு இருக்கிறது. உங்கள் ஒற்றை ஜோடி அத்தோடு முடிந்தது.

உங்கள் உண்மையான எதிரி மேஜையை நடத்துகிறவர்தான். கலிபோர்னியாவில் பாட்டில் இவ்வளவு சதவீதம் என்று எடுக்கக்கூடாது, முன்பே அறிவித்த கட்டணம்தான். அதனால் நாலைந்து டாலர் கட்டணம் 20 டாலர் பாட்டில் கால்வாசியைத் தின்றுவிடும், 100 டாலர் பாட்டில் தெரியவே தெரியாது. டீலருக்கு டிப்ஸ் வேறு. சின்னச் சின்னப் பாட்டாகத் திருடிச் சேர்க்கும் ஆட்டம் இங்கே எடுபடாததற்கு இதுவும் காரணம். லிமிட்டில் மணிக்கு ஒரு பெரிய பெட், உங்கள் மேஜையில் 8 டாலர், ஜெயிப்பவரே கெட்டிக்காரர் என்பது பழைய ஆட்டக்காரர்கள் பேச்சு. கட்டணம் போக அதுவும் கஷ்டம். ஒரே ராத்திரியில் 200 டாலர் போவதும் வருவதும் மட்டும் சர்வ சாதாரணம்.

ஆன்லைன் கேள்விக்கு: 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தமிழ்நாட்டுத் தடையிலிருந்து விடுவித்தது. 2025-இல் மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்தால் பணம் கட்டாத ஆப்பில் ஆடுங்கள். அங்கே எல்லோரும் எதற்கும் கால் செய்வார்கள், சீட்டை மடித்துப் பழக உங்கள் சனிக்கிழமை மேஜைக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைக்காது.